ஸ்ட்ரிப் கிளப் நடனக் கலைஞர்கள்: வருமானம், கட்டணம், தொழிலாளர் உரிமை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கத் தொழிலாளர் சட்டத்தைத் தமிழில் விளக்கும் வகுப்புகளில், ஊழியர் யார், சுயதொழில் ஒப்பந்ததாரர் யார் என்ற பகுதிக்கு வரும்போதெல்லாம் ஸ்ட்ரிப் கிளப் வழக்குகளை நான் எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. அந்தக் கேள்வியை அமெரிக்க நீதிமன்றங்கள் திரும்பத் திரும்ப அலசிய துறைகளில் இதுவும் ஒன்று. சொன்னவுடன் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் எழும். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து, என்னால் இயன்ற அளவு விடை எழுதியிருக்கிறேன். தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் பேச்சு அமெரிக்காவைப் பற்றியதே.

முதலில், இது அங்கே சட்டப்படி நடக்கிற தொழில்தானா?

ஆம். மாநில அல்லது நகர நிர்வாகத்தின் உரிமம் பெற்று நடக்கும் தொழில் இது. ஆடை களைந்து ஆடுவதும் கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்தின் வெளி விளிம்பில் இடம்பெறுகிறது என்று இந்தியானா மாநிலத்து வழக்கொன்றில் 1991-லும், பென்சில்வேனியாவின் ஈரி நகர வழக்கில் 2000-லும் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்றுக்கொண்டனர். அதே தீர்ப்புகளில், எவ்வளவு ஆடை இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு விதிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்றும் கூறிவிட்டனர். பாலியல் தொழில் வேறு. அது நெவாடாவின் சில மாவட்டங்களைத் தவிர மற்ற இடங்களில் பெரும்பாலும் குற்றமாகவே இருக்கிறது.

கிளப் இவர்களுக்கு மாதச் சம்பளம் தருகிறதா, நாள் கூலியா?

பெரும்பாலான கிளப்புகளில் இரண்டும் இல்லை. நடனக் கலைஞருக்குப் பணம் வருவது வாடிக்கையாளரிடமிருந்து மட்டுமே. மேடையில் ஆடும்போது விழும் டிப்ஸ், ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று விலை வைத்த லாப் டான்ஸ் (வாடிக்கையாளரின் மடியருகே ஆடும் தனி நடனம்), வி.ஐ.பி. அறையில் அரை மணிக்கோ ஒரு மணிக்கோ வசூலிக்கும் தொகை ஆகிய மூன்றும்தான் வருமான வழிகள்.

இதில் கிளப் தருவது ஒன்றும் இல்லை என்பதோடு, எடுத்துக்கொள்வதும் உண்டு. உள்ளே நுழைந்து ஷிஃப்டில் பெயர் பதிவதற்கு ‘ஹவுஸ் ஃபீ’ என்ற கட்டணம் கட்ட வேண்டும். தாமதமாக வந்தால் அது கூடும். லாப் டான்ஸிலும் வி.ஐ.பி. அறையிலும் கிளப்புக்குப் பங்கு உண்டு. இரவு முடிந்து வெளியேறும் முன் பாட்டுப் போடும் டி.ஜே., வாசலில் நிற்கும் பவுன்சர், ஒப்பனை அறையைப் பார்த்துக்கொள்ளும் ‘ஹவுஸ் மாம்’ ஆகியோருக்கு ‘டிப் அவுட்’ என்ற பங்குத்தொகை தர வேண்டும். தராதவருக்கு அடுத்த ஷிஃப்டில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து மேடை கிடைக்கும்.

வேலை செய்வதற்குப் பணம் கட்டுவதா? அதை ஏன் ஒப்புக்கொள்கிறார்கள்?

எத்தனை பேரை உள்ளே விட்டாலும் கிளப்புக்கு நஷ்டம் இல்லை என்பதில்தான் இந்த ஏற்பாட்டின் உயிர் இருக்கிறது. சம்பளம் கொடுக்கும் முதலாளி, இருபது வாடிக்கையாளர் இருக்கும் இரவில் முப்பது பேரை வேலைக்கு அமர்த்த மாட்டார். கட்டணம் வாங்கும் முதலாளிக்கோ முப்பதாவது நபரும் வருமானம்தான். கணக்குக்காக, ஹவுஸ் ஃபீ 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். முப்பது பேர் வந்தால் கதவு திறந்தவுடனேயே 3,000 டாலர் கல்லாவில் விழுந்துவிடுகிறது. மழையோ பனியோ கொட்டி ஒருவரும் வராவிட்டாலும் அந்தத் தொகை குறையாது. மந்தமான இரவின் இழப்பு முழுவதும் நடனக் கலைஞர்களின் தலையில் இறங்குகிறது. சில கிளப்புகளில் கட்ட முடியாத கட்டணம் கடனாக எழுதப்பட்டு அடுத்த நாளுக்குத் தொடரும் வழக்கமும் இருந்தது.

ஒப்புக்கொள்வதற்குக் காரணம், நல்ல இரவு ஒன்று வாய்த்தால் அந்தக் கல்வித் தகுதிக்கும் அனுபவத்துக்கும் வேறு எந்த வேலையிலும் கிடைக்காத பணம் ஒரே நாளில் ரொக்கமாகக் கையில் கிடைக்கும் என்பதே. படிப்புக்கும் குழந்தை வளர்ப்புக்கும் இடையே நேரத்தைச் சுருக்கிக்கொள்ள வேண்டியவர்களுக்கு அது பெரிய விஷயம். அந்தக் கணக்கைப் போட்டுத்தான் வருகிறார்கள். ஏமாந்து வருகிறார்கள் என்று நாம் நினைப்பது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

ஒரே இரவில் ஆயிரம் டாலர் எடுக்கிறார்கள் என்கிறார்களே, அப்புறம் என்ன குறை?

எடுப்பவர்கள் இருக்கிறார்கள், எடுக்கும் இரவுகளும் இருக்கின்றன. மற்ற இரவுகளைப் பற்றி யாரும் வெளியே பேசுவதில்லை. கட்டணம், பங்கு, டிப் அவுட் மூன்றும் போகக் கையில் வந்ததைவிடக் கொடுத்தது அதிகம் என்று வீடு திரும்பும் இரவுகள் இந்தத் தொழிலில் சாதாரணம். வருமானம் கிழமையைப் பொறுத்தும், பருவத்தைப் பொறுத்தும், ஊரில் மாநாடோ விளையாட்டுப் போட்டியோ நடக்கிறதா என்பதைப் பொறுத்தும் ஏறி இறங்குகிறது. ஆடைகள், ஹீல்ஸ், முடி, ஒப்பனை, பயணம் எல்லாம் சொந்தச் செலவு. கால் சுளுக்கினால் அன்றோடு வருமானம் நின்றுவிடும்.

இன்னொன்றும் உண்டு. வருமானம் ரொக்கமாக வருவதாலும் சம்பளச் சீட்டு இல்லாததாலும், நன்றாகச் சம்பாதிப்பவரால்கூட வாடகை வீட்டுக்கோ வாகனக் கடனுக்கோ வருமானத்தை நிரூபிக்க முடியாமல் போகிறது.

ஊழியர் என்றாலும் ஒப்பந்ததாரர் என்றாலும் பணம் பணம்தானே? என்ன வித்தியாசம்?

மிகப் பெரிய வித்தியாசம். 1938-ஆம் ஆண்டின் நியாயத் தொழில் தரநிலைச் சட்டம் ஊழியர்களுக்கு மட்டுமே குறைந்தபட்ச ஊதியம் தருகிறது. கூட்டாட்சி அளவில் அது 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். பல மாநிலங்களில் இன்னும் அதிகம். வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு ஊதியம். 2018-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி ஊழியரின் டிப்ஸில் முதலாளியோ மேலாளரோ ஒரு காசும் எடுக்கக் கூடாது. ஊழியர் என்று ஆகிவிட்டால், ஹவுஸ் ஃபீயும் கட்டாய டிப் அவுட்டும் நிற்பதற்கு இடமில்லாமல் போய்விடும். கிளப்புகள் இந்தக் கேள்வியில் இவ்வளவு கடுமையாகப் போராடுவது அதனால்தான்.

வரியிலும் வேறுபாடு உண்டு. சமூகப் பாதுகாப்புக்கும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஊழியர் 7.65 சதவீதமும் முதலாளி 7.65 சதவீதமும் செலுத்துவார்கள். சுயதொழில் செய்பவர் 15.3 சதவீதத்தையும் தானே செலுத்த வேண்டும். வேலையிழப்புக் காப்பீடு, பணியிட விபத்து இழப்பீடு, பாலியல் தொல்லைக்கு எதிரான 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு, சங்கம் அமைக்கும் உரிமை எல்லாம் பொதுவாக ஊழியர் என்ற நிலையோடு கட்டப்பட்டவை.

“நான் சுயதொழில் செய்பவர்” என்று அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறாரே?

போட்டிருந்தாலும் அது முடிவானது இல்லை. குறைந்தபட்ச ஊதிய உரிமையை ஒருவர் எழுதிக்கொடுத்து விட்டுவிட முடியாது என்பது நெடுநாளைய விதி. காகிதத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல், நடைமுறையில் அவர் யாரைச் சார்ந்து பிழைக்கிறார் என்பதையே நீதிமன்றம் பார்க்கிறது. யார் கட்டுப்படுத்துகிறார்கள், யார் முதலீடு செய்கிறார்கள், லாப நட்டம் யார் கையில் இருக்கிறது, தனித் திறன் தேவையா, உறவு எவ்வளவு நிலையானது, அந்த வேலை தொழிலின் மையமா என்பவை அதற்கான அளவுகோல்கள்.

நியூயார்க்கின் ரிக்ஸ் காபரே வழக்கைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அங்கே நடனக் கலைஞர்களுக்கென்று எழுத்து வடிவில் விதிமுறைகள் இருந்தன. ஹீல்ஸ் குறைந்தது நான்கு அங்குலம் இருக்க வேண்டும், சூயிங் கம் மெல்லக் கூடாது என்பது வரை அவை நீண்டன. மீறினால் அபராதம். தனி நடனத்தின் விலையைக் கிளப்பே நிர்ணயித்தது. இப்படி நடத்திவிட்டு இவர்கள் சொந்தத் தொழில் செய்யும் வணிகர்கள் என்று கிளப் வாதாடியதை 2013-இல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் ஏற்கவில்லை. 2014-இல் 1 கோடி டாலருக்கு மேல் தர உத்தரவானது. 2015-இல் வழக்கு 1.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. இதற்கு முன்பே, 1993-இல் டெக்சாஸ் கிளப்புகளைப் பற்றி ஐந்தாம் சுற்று எனப்படும் கூட்டாட்சி வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும், பின்னர் மேரிலாந்து கிளப்புகளைப் பற்றி 2016-இல் நான்காம் சுற்றும், பிலடெல்பியா கிளப் ஒன்றைப் பற்றி 2019-இல் மூன்றாம் சுற்றும் இதே முடிவுக்கு வந்தன. நெவாடா உச்ச நீதிமன்றம் 2014-இல் லாஸ் வேகாஸின் சஃபையர் கிளப் வழக்கில் மாநிலக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் கீழ் அவ்வாறே தீர்ப்பளித்தது.

இந்தத் தீர்ப்புகளில் என்னை உறுத்தும் ஓரிடம் உண்டு. தனித் திறன் தேவை என்றால் ஒருவர் ஒப்பந்ததாரர் பக்கம் சாய்வார். ஆகவே வழக்கில் வெல்ல வேண்டுமானால், தாங்கள் செய்யும் வேலைக்குப் பெரிய திறன் ஒன்றும் தேவையில்லை என்பதை நடனக் கலைஞர்களின் தரப்பே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. கம்பத்தில் தலைகீழாகத் தொங்கி இறங்குவதற்கும், குடித்திருக்கும் முன்பின் தெரியாதவரிடம் பேசிப் பணம் பெற்றுப் பாதுகாப்பாகத் திரும்புவதற்கும் வேண்டிய பயிற்சியை நேரில் அறிந்தவர்களுக்கு அது எளிதில் ஏற்கக்கூடியதாக இருக்காது.

விருப்பப்பட்ட நாள் வரலாம், வராமலும் இருக்கலாம். இது ஊழியர் மாதிரித் தெரியவில்லையே?

கிளப்புகளின் வாதங்களில் வலுவானது இதுதான். பல நடனக் கலைஞர்கள் உண்மையிலேயே மதிக்கும் சுதந்திரம் இது என்பதையும் மறுக்க முடியாது. நீதிமன்றங்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டே, வரும் நாளைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதற்காக வந்த பிறகு உள்ள கட்டுப்பாடு இல்லாமல் போய்விடாது என்றன. கட்டடம், மது உரிமம், விளம்பரம், நுழைவுக் கட்டணம், பாட்டு, பாதுகாப்பு எல்லாம் கிளப்புடையது. கூட்டத்தை வரவழைப்பதும் கிளப்பே. ஆடைக்கும் ஒப்பனைக்கும் நடனக் கலைஞர் செலவழிப்பதை அதற்கு ஈடான முதலீடு என்று சொல்ல முடியாது.

கலிபோர்னியாவில் விதி இன்னும் நேரடியானது. அம்மாநில உச்ச நீதிமன்றம் 2018-இல் டைனமெக்ஸ் என்ற சரக்கு விநியோக நிறுவனத்தின் வழக்கில் மூன்று நிபந்தனைகளை வைத்தது. வேலை வாங்குபவரின் கட்டுப்பாட்டில் இல்லாதவராக, அவரது வழக்கமான தொழிலுக்கு வெளியே உள்ள வேலையைச் செய்பவராக, அத்துறையில் சொந்தமாகத் தொழில் நடத்துபவராக, இந்த மூன்றும் ஒருங்கே அமைந்தவராக இருந்தால் மட்டுமே ஒருவர் ஒப்பந்ததாரர். இது சட்டமாக்கப்பட்டு 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஸ்ட்ரிப் கிளப்பில் நடனமே தொழில் என்பதால் இரண்டாம் நிபந்தனையிலேயே கிளப் தோற்றுவிடும். இதே சட்டத்தில் சிக்கிய ஊபர் போன்ற செயலி நிறுவனங்கள் 2020 நவம்பரில் பொதுவாக்கெடுப்பின் மூலம் தங்கள் ஓட்டுநர்களுக்கு விலக்குப் பெற்றுக்கொண்டன. கிளப்புகளுக்கு அத்தகைய விலக்கு இல்லை.

வாடிக்கையாளர் கொடுத்த பணமே குறைந்தபட்ச ஊதியத்தைவிட அதிகம். அதையே சம்பளமாகக் கழித்துக்கொள்ளக் கூடாதா?

கிளப்புகள் இதையும் வாதாடிப் பார்த்தன. சட்டம் டிப்ஸையும் சேவைக் கட்டணத்தையும் பிரித்துப் பார்க்கிறது. வாடிக்கையாளர் தாமாகக் கொடுப்பது டிப்ஸ். அது நடனக் கலைஞருடையது. கிளப் கட்டாயமாக வசூலித்து, தன் வருவாயாகக் கணக்கில் எழுதி, பிறகு அதிலிருந்து பகிர்ந்து கொடுத்தால்தான் அதைச் சம்பளத்தில் ஈடுகட்டலாம். ‘இவர்கள் எங்கள் ஊழியர்கள் இல்லை’ என்று சொல்லிவந்த கிளப்புகள் அந்தப் பணத்தைத் தங்கள் கணக்கில் எழுதவே இல்லை. ஆகவே பின்னால் உரிமை கோரவும் முடியவில்லை. பிலடெல்பியா வழக்கிலும், நடனக் கலைஞர்கள் வைத்துக்கொண்ட நடனக் கட்டணத்தை ஊதிய பாக்கியில் கழித்துக்கொள்ள அனுமதி கிடைக்கவில்லை.

ரிக்ஸ் காபரேயில் கடன் அட்டையில் பணம் செலுத்துபவர்களுக்கு ‘டான்ஸ் டாலர்’ என்ற சீட்டு விற்கப்பட்டது. 20 டாலர் மதிப்புள்ள ஒரு சீட்டுக்கு வாடிக்கையாளர் 24 டாலர் கொடுப்பார். அதே சீட்டை நடனக் கலைஞர் கிளப்பிடம் மாற்றும்போது 18 டாலர் கிடைக்கும். ஒரே பாட்டில், வாங்குபவரிடமும் ஆடுபவரிடமும் கிளப் எடுத்துக்கொண்டது 6 டாலர்.

ஊழியர் ஆவது நல்லது என்றால் நடனக் கலைஞர்களே ஏன் எதிர்க்கிறார்கள்?

எல்லோரும் எதிர்க்கவில்லை, ஆனால் எதிர்ப்பவர்களின் அச்சம் நியாயமானது. கலிபோர்னியாவில் சட்டம் மாறியபோது பல கிளப்புகள் மணிக்கூலி கொடுக்கத் தொடங்கிய கையோடு, நடனத்தின் விலை இனிக் கிளப்பின் வருவாய் என்று அறிவித்துத் தங்கள் பங்கைப் பெருமளவு உயர்த்தின. மணிக்குக் கிடைத்த சில டாலர்களைவிட இழந்தது அதிகம் என்று பலர் குமுறினார்கள். பழையபடி ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குச் சென்று ஆடுவது கடினமாயிற்று. ஊதியப் பட்டியலில் உண்மைப் பெயர் ஏறுவதும் ஒரு கவலை. பிற்காலத்தில் வேறு வேலைக்குச் செல்லும்போதோ, குழந்தையின் பாதுகாப்பு உரிமை குறித்த வழக்கிலோ அந்தப் பதிவு எதிராகத் திரும்பலாம் என்று அஞ்சுகிறார்கள்.

ஊழியர் நிலையை எதிர்ப்பதற்கு இவை போதுமான காரணங்கள் என்று நான் கருதவில்லை. சட்டம் கொடுத்ததைக் கிளப் வேறு வழியில் பறித்துக்கொள்ளும்போது, பறிப்பதைத் தடுக்கக் கூட்டாகப் பேரம் பேசும் பலம் வேண்டும். அந்தப் பலத்துக்கும் ஊழியர் என்ற நிலையே வாசல். அடுத்த விடை அதைப் பற்றியது.

இவர்களுக்கென்று சங்கம் இருக்கிறதா?

இருக்கிறது, எண்ணிக்கைதான் மிகக் குறைவு. 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலுறவுச் சட்டம் ஊழியர்களின் சங்க உரிமையைக் காக்கிறது. 1947-இல் வந்த திருத்தம் சுயதொழில் ஒப்பந்ததாரர்களை அதிலிருந்து வெளியேற்றியது. ஆகவே சங்கம் கேட்பவர்கள் முதலில் தாங்கள் ஊழியர்கள் என்று காட்ட வேண்டியிருக்கிறது.

சான் பிரான்சிஸ்கோவின் லஸ்டி லேடி என்ற நடன அரங்கில் அந்தச் சிக்கல் இல்லை. அங்கே கண்ணாடிக்கு அப்பால் ஆடுபவர்களுக்கு மணிக்கூலி இருந்தது. ஒருபுறம் மட்டும் தெரியும் கண்ணாடி வழியே வாடிக்கையாளர்கள் ரகசியமாகப் படம் பிடித்ததும், ஷிஃப்ட் ஒதுக்குவதில் நிறம் பார்க்கப்பட்டதும் அவர்களைச் சங்கத்தின் பக்கம் தள்ளின. 1996-இல் சேவைத் துறை ஊழியர் சங்கத்தில் சேர வாக்களித்து, 1997-இல் முதல் ஒப்பந்தத்தைப் பெற்றார்கள். 2003-இல் அந்த அரங்கையே தொழிலாளர்கள் கூட்டுறவாக வாங்கி நடத்தினார்கள். 2013-இல் அது மூடப்பட்டது.

அதன் பிறகு நீண்ட இடைவெளி. 2022 மார்ச்சில் லாஸ் ஏஞ்சல்ஸின் வடக்கு ஹாலிவுட்டில் உள்ள ஸ்டார் கார்டன் என்ற சிறிய பாரில், பாதுகாப்புக் குறைகளைச் சுட்டிக்காட்டியவர்கள் வேலை நீக்கப்பட்டதை எதிர்த்து நடனக் கலைஞர்கள் கூட்டாக மனுக் கொடுத்தனர். கதவு அவர்களுக்குச் சாத்தப்பட்டது. வாரத்துக்கு ஒரு கருப்பொருளில் வேடமிட்டு மாதக்கணக்கில் வாசலில் மறியல் செய்தார்கள். நாடக நடிகர்களின் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டி அவர்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2023 மே மாதம் எண்ணியபோது வாக்குகள் 17-க்கு 0. அதே ஆண்டில் ஒரேகன் மாநிலம் போர்ட்லாந்தின் மேஜிக் டாவர்ன் கலைஞர்களும் அந்தச் சங்கத்தில் சேர வாக்களித்தனர்.

கறுப்பினப் பெண்களுக்கு நல்ல ஷிஃப்ட் தருவதில்லை என்கிறார்களே, ஒப்பந்ததாரர் என்றால் அதற்கும் வழக்குப் போட முடியாதா?

போடலாம். 1964-ஆம் ஆண்டுச் சட்டம் ஊழியர்களுக்கானது என்றாலும், உள்நாட்டுப் போருக்குப் பின் 1866-இல் வந்த குடிமை உரிமைகள் சட்டம் ஒப்பந்தம் செய்வதிலேயே இனப் பாகுபாட்டைத் தடை செய்கிறது. அது ஒப்பந்ததாரருக்கும் பொருந்தும். மிசிசிப்பியின் ஜாக்சன் நகரக் கிளப் ஒன்றில் கறுப்பினக் கலைஞர்களுக்கு மட்டும் ஷிஃப்ட் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்ததற்காக 2019-இல் ஜூரி அவர்களுக்குப் பெருந்தொகை இழப்பீடு வழங்கியது. இந்தத் துறையில் வருமானம் எந்த நேரத்தில் மேடை கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. எனவே ஷிஃப்ட் மறுப்பு என்பது ஊதியக் குறைப்பேயாகும்.

ஊழியரா இல்லையா என்ற சண்டைக்குள் போகாமலே பாதுகாப்புத் தர முடியாதா?

வாஷிங்டன் மாநிலம் அந்த வழியை எடுத்தது. அங்கே நீண்ட காலம் இத்தகைய கிளப்புகளில் மது விற்க அனுமதி இல்லை. மது வருவாய் இல்லாததால் கிளப்புகள் பெரும்பாலும் நடனக் கலைஞர்களின் கட்டணத்தை நம்பியே நடந்தன, அதனால் கட்டணமும் ஏறிக்கொண்டே போயிற்று. கலைஞர்களே திரண்டு பல ஆண்டுகள் வாதாடியதன் பயனாக 2024 மார்ச்சில் ஒரு சட்டம் கையெழுத்தானது. அதன்படி எட்டு மணி நேரத்துக்கு 150 டாலர் அல்லது அந்நேரத்தில் அவர் ஈட்டியதில் 30 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் கிளப் வாங்கக் கூடாது. கட்டாத கட்டணத்தைக் கடனாக அடுத்த நாளுக்குத் தள்ளக் கூடாது. பாதுகாவலர், ஆபத்துப் பொத்தான், ஊழியர்களுக்குப் பயிற்சி ஆகியவை கட்டாயம். மது உரிமத்துக்கும் வழி திறக்கப்பட்டது.

வெறுங்கையோடு ஆடிய இரவில் 30 சதவீதம் என்பது பூஜ்யம். மூன்றாம் கேள்விக்கான விடையில் சொன்ன ஏற்பாட்டின் வேரையே தொடும் விதி இது. ஆளை நிரப்பி வைப்பதில் இனிக் கிளப்புக்கு முன்பிருந்த ஆதாயம் இல்லை. மற்ற மாநிலங்கள் பின்பற்ற வேண்டியது இந்த ஒரு பிரிவையாவது என்பது என் உறுதியான கருத்து.

பிரிட்டனில் இதற்கு நேர்மாறான தீர்ப்பு வந்ததாமே?

வந்தது. லண்டனின் ஸ்ட்ரிங்ஃபெலோஸ் கிளப்பில் ஆடிய ஒருவர் அநியாயப் பணிநீக்க வழக்குத் தொடுத்தபோது, 2012-இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் ஊழியர் இல்லை என்றது. அவருக்குப் பணம் தரும் கடமை கிளப்புக்கு இல்லை, அவர்தான் கிளப்புக்குப் பணம் கட்டினார், நட்டத்தின் ஆபத்தையும் அவரே ஏற்றார் என்பது அதன் தர்க்கம். அமெரிக்க நீதிமன்றங்கள் சுரண்டலின் அடையாளமாகக் கண்ட அதே உண்மை, அங்கே சுதந்திர வணிகத்தின் சான்றாயிற்று. அந்நாட்டுச் சட்டத்தில் ஊழியருக்கும் சுயதொழிலாளருக்கும் இடையே மூன்றாவதாக ஒரு நிலை உண்டு. விடுமுறை ஊதியம் போன்ற உரிமைகள் அதற்குக் கிடைக்கும். பின்னர் வந்தவர்களின் முயற்சி பெரும்பாலும் அதைப் பெறுவதில் திரும்பியது.

கொரோனா காலத்தில் இவர்களுக்கு என்ன கிடைத்தது?

கிளப்புகள் மூடப்பட்டபோது, ஒப்பந்ததாரர்கள் என்பதால் வழக்கமான வேலையிழப்பு உதவிக்கு இவர்கள் தகுதி பெறவில்லை. 2020-இல் சுயதொழில் செய்பவர்களுக்கென்று தனியாக வந்த தற்காலிகத் திட்டமே கைகொடுத்தது. அதற்கும் வருமானத்தைக் காகிதத்தில் காட்ட வேண்டியிருந்தது. ரொக்கத்தைக் கணக்கில் காட்டாதவர்களுக்கு அது இடித்தது.

இத்தனை தீர்ப்புக்குப் பிறகும் கிளப்புகள் ஏன் மாறவில்லை? வழக்குப் போட நினைப்பவர் என்ன செய்ய வேண்டும்?

வழக்கு வந்தால் கொடுக்க வேண்டிய தொகையைவிட வராத வழக்குகளால் மிஞ்சும் தொகை பெரிது என்பதே காரணம். கூட்டாட்சிச் சட்டத்தில் பின்னோக்கி இரண்டு ஆண்டுகளுக்கும், தெரிந்தே மீறியது நிரூபணமானால் மூன்று ஆண்டுகளுக்கும் மட்டுமே பாக்கி கேட்க முடியும். தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பாக்கி கரைந்துபோகிறது. மேலும், கிளப்புகளின் ஒப்பந்தங்களில் இப்போது பெரும்பாலும் நடுவர் தீர்ப்புப் பிரிவு இருக்கிறது. நீதிமன்றத்துக்குப் போக மாட்டேன், பிறரோடு கூட்டாக வழக்குத் தொடுக்க மாட்டேன் என்று ஒப்புக்கொள்ளும் அத்தகைய பிரிவுகள் செல்லும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் எபிக் சிஸ்டம்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. ஒருவர் மட்டும் தனியாகச் சில ஆயிரம் டாலருக்குப் போராடுவது கடினம் என்பதை ஒப்பந்தம் எழுதுபவர்கள் நன்றாகவே அறிவார்கள்.

எனவே முதலில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகல் வேண்டும். கேட்டு வாங்க முடியாவிட்டால் கைபேசியில் படமாவது எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு உள்ளே போனோம், எப்போது வெளியே வந்தோம், ஹவுஸ் ஃபீ எவ்வளவு, அபராதம் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு டிப் அவுட் என்பதை அன்றன்றே குறித்துவைக்க வேண்டும். முதலாளி மணிக்கணக்குப் பதிவேடு வைக்காதபோது தொழிலாளியின் நியாயமான குறிப்புகளையே நீதிமன்றம் ஏற்கும் என்பது 1946 முதல் உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. ஒப்பனை அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் விதிமுறைத் தாள், ஷிஃப்ட் பற்றி மேலாளர் அனுப்பிய குறுஞ்செய்தி ஆகியவை கட்டுப்பாட்டுக்கு நேரடிச் சான்று. வென்றால் பாக்கியோடு அதே அளவு தொகையும் இழப்பீடாகக் கிடைக்கலாம், வழக்கறிஞர் கட்டணத்தையும் கிளப்பே செலுத்த வேண்டும். ஆகவே கையில் பணம் இல்லை என்பதற்காக ஆலோசனை கேட்காமல் இருக்க வேண்டியதில்லை. புகார் கொடுத்ததற்காக ஷிஃப்டைக் குறைப்பதோ வெளியேற்றுவதோ அதே சட்டத்தின் கீழ் தனியாக இன்னொரு மீறல்.